பக்கத்தில் விழுந்த ஓட்டைகள்

மாரண்டஹள்ளி நூலகத்தின் ஒற்றை ஜன்னல் வழியே சாயங்கால வெயில் மேசையில் விழுகிறது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட லூர்தம்மாள், தக்காளிக் காம்பின் கறை போகாத விரல்களால் பறவைப் புத்தகத்தைப் புரட்டுகிறாள். கிணற்றுச் சுவர்ப் பொந்தில் கூடு கட்டியிருக்கிற, வாலைத் தூக்கித் தூக்கி நிமிர்த்துகிற கறுப்புக் குருவியின் பெயர் அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். ஆனால் படங்கள் இருந்த இடமெல்லாம் பறவை வடிவத்தில் ஓட்டைகள். ஓட்டைக்குள் அடுத்த பக்கத்து எழுத்துகள் தெரிகின்றன. எதிரே தோழி பாஞ்சாலி தன் பள்ளிக்கூட ஆல்பத்தை விரித்திருக்கிறாள். அதில் அந்தக் குருவி, வால் நிமிர்ந்தபடி, சோற்றுப் பசையில் விறைத்துக் கிடக்கிறது. “இதும் பேரு என்னாடி?” என்று கிசுகிசுக்கிறாள் லூர்தம்மாள். “பேரு படத்துக்குப் பின்பக்கம் இருந்துச்சு, ஒட்டிட்டேன். டீச்சர் படந்தான கேட்டாங்க?” புத்தகங்களை எடுத்து வைக்க வந்த நூலகர் லூர்தம்மாள் கையிலிருக்கும் புத்தகத்தைக் குனிந்து பார்த்துப் பதறுகிறார். “அடப்பாவமே! படிப்ப வுட்ட புள்ளைக்குப் புக்கு குடுத்தா இப்பிடித்தான் வெட்டி வெப்ப. இனிமே இந்தப் பக்கம் வராத!” லூர்தம்மாளின் விரல் இன்னும் அந்த ஓட்டைக்குள்ளேயே இருக்கிறது. பாஞ்சாலி ஆல்பத்தை மெல்ல மூடி, அதன்மேல் முழங்கையை ஊன்றிக்கொள்கிறாள்.