நீலப் பல்

கருப்பணனுக்கு முன்பல் பாதி உடைந்திருந்தது. அவரும் மனைவி பாண்டிலட்சுமியும் விஸ்வநத்தம் பக்கம் ஒரே பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிறவர்கள். அன்றைக்கு லீவு போட்டுவிட்டு, சிவகாசியில் பல் டாக்டர் அன்பரசனிடம் வந்திருந்தார்கள்.

“இந்தப் பசை புதுசு” என்றார் டாக்டர். “நானோன்னு, தூசியை விட நைசான தாதுப்பொடி கலந்திருக்கு. பல்லைக் கெட்டியாப் பிடிச்சுக்கும்.”

“நானோன்னா காருல்ல?” என்றாள் பாண்டிலட்சுமி.

“சூடு தாங்குமா டாக்டர்?” கருப்பணன் கேட்டார்.

“காபி எம்புட்டு சூடா வேணும்னாலும் குடிங்க. பல்லு நெறத்துலயே வச்சுடுறேன். ஒட்டுன பல்லுன்னு யாருக்கும் தெரியாது.”

“தெரியணும் டாக்டர்.” சின்னப் பிள்ளைகளின் பல்லுக்கு வைக்கிற கலர்ப் பசைப் பெட்டியில் நீலத்தைத் தொட்டுக் காட்டினார். “இதை வைங்க.”

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“இந்த வயசுல ஸ்டைலு கேக்குதாக்கும்” என்றாள் பாண்டிலட்சுமி. “வெள்ளையாவே வைங்க டாக்டர். அவுக கெடக்காக.”

கருப்பணன் அவள் பக்கம் திரும்பவில்லை.

“போன வருசம் எங்க கம்பெனியில வெடிச்சதுல எந்தம்பி போயிட்டான். ஆஸ்பத்திரியில வரிசையாப் படுக்க வச்சிருந்தாக. எது அவன்னு தெரியல. ஏதோ ஒண்ண வாங்கிட்டு வந்து கொள்ளி வச்சேன். அது அவன்தானான்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது டாக்டர். இவளும் அப்படி நிக்கக் கூடாது.”

டாக்டர் நீலத்தை எடுத்தார். உடைந்த பல்லில் வைத்து ஒட்டினார்.

கருப்பணன் எழுந்ததும் பாண்டிலட்சுமி அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

“எனக்கும் ஒண்ணு வைங்க டாக்டர். வேற கலர்ல.”