விழாத பள்ளிக்கூடம்

"பாறை ஏறும்போது பிள்ளை விழுந்துட்டா என்ன சார் செய்வீக?"

ஸ்டீபன் கேட்ட முதல் கேள்வியே அதுதான். படிப்பு எப்படி, சாப்பாடு எப்படி, ஹாஸ்டலில் பெண்பிள்ளைகளுக்குக் காவல் யார் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பக்கத்து நாற்காலியில் இருந்த இன்பராஜுக்குத் திக்கென்றது.

ஷெரின் அவருடைய தங்கை மகள். போன வருஷம் பஸ் விபத்தில் தாயும் தகப்பனும் ஒரே நாளில் போய்விட்டார்கள். அதிலிருந்து பிள்ளை திருச்சுழியில் சித்தப்பா ஸ்டீபன் வீட்டில் இருக்கிறாள். தகப்பன் விட்டுப்போன மூன்று ஏக்கர் கரிசல் காடும் கிணறும் அவள் பேரில் இருந்தன. உழுது விதைப்பது ஸ்டீபன்தான்.

இப்போது அவளை ஆறாம் வகுப்புக்கு மலைமேல் ஹாஸ்டல் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும் என்கிறான். அதுவும் பாறை ஏறச் சொல்லிக்கொடுக்கிற பள்ளிக்கூடமாம். பாதிக் கட்டணத்தைச் சபை கட்டும், ஆனால் தாய்மாமன் சம்மதம் வேண்டும் என்று போதகர் சொல்லிவிட்டார். அதற்காகத்தான் இன்பராஜ் அருப்புக்கோட்டை நூல்கடையில் லீவு சொல்லிவிட்டுக் கூட வந்திருந்தார்.

கிளம்பும்போதே அவர் மனைவி சொன்னாள்: "திருச்சுழியில குத்துக்கல்ல விட்டா ஏற ஒரு கல்லு உண்டா? பொம்பளப் பிள்ளைக்குப் பாறை என்னத்துக்கு? விழுந்து கிழுந்து போனா காடு யாருக்குன்னு யோசிச்சுக்கிட்டு சரின்னு சொல்லுங்க."

ஸ்டீபனின் கேள்விக்கு, அந்த முதல் பள்ளிக்கூடத்து மாஸ்டர் கண்ணாடி அலமாரியில் வரிசையாக நின்ற கோப்பைகளைக் காட்டினார்.

"எங்க பிள்ளைங்க விழுந்ததா சரித்திரமே இல்ல சார்."

ஸ்டீபன் எழுந்துவிட்டான். "அப்ப வாரோம் சார்."

அடுத்த ஊருக்குப் போகிற பஸ்ஸில் இன்பராஜால் பொறுக்க முடியவில்லை.

"ஏம்ப்பா, விழாத பள்ளிக்கூடம் உனக்கு ஆகாதாக்கும்?"

"சரிப்படாது மச்சான்."

அவ்வளவுதான் பதில். வலது கையில் அழுக்குத் துணி சுற்றியிருந்தான். அது என்னவென்று கேட்டதற்கும், "கயிறு அறுத்துருச்சு" என்பதோடு சரி. மாட்டுக் கயிறாக இருக்கும் என்று இன்பராஜ் நினைத்துக்கொண்டார்.

ஷெரின் ஜன்னலோரம் உட்கார்ந்து ஓடுகிற பாறைகளையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"உனக்கு இதுல இஷ்டந்தானா தாயி?"

"ம்."

வாயைத் திறந்து பேசக்கூட விடாமல் மிரட்டி வைத்திருக்கிறான் என்று இன்பராஜுக்குத் தோன்றியது.

இரண்டாவது பள்ளிக்கூடத்தில் கோப்பையும் இல்லை, அலமாரியும் இல்லை. ஒல்லியாக ஒரு மாஸ்டர் பாறை அடியில் கயிற்றை வெயிலில் உலர்த்திக்கொண்டிருந்தார். ஸ்டீபன் அதே கேள்வியைக் கேட்டான்.

மாஸ்டர் சிரித்தார். "ஏறுனா விழத்தான் செய்வாங்க. முதல் மாசம் பூரா விழுறதுக்குத்தான் பழக்குவோம்."

"அப்ப இங்கயே சேத்துருவோம் மச்சான்" என்றான் ஸ்டீபன்.

இனி என்ன சந்தேகம்? ஊருக்குப் போனதும் போதகரிடம் முடியாது என்று சொல்லிவிட வேண்டியதுதான் என்று இன்பராஜ் முடிவுசெய்தார்.

அதற்குள் மாஸ்டர் ஷெரினின் இடுப்பில் பட்டை மாட்டிக் கயிற்றைக் கட்டிவிட்டார். கயிறு பாறை உச்சியில் ஒரு வளையத்துக்குள் நுழைந்து கீழே இறங்கி வந்தது.

"சும்மா ஏறிப் பாக்கட்டும். நான் பிடிச்சுக்கிறேன்."

"இன்னைக்கு ஒருநாள் நான் புடிக்கட்டுமா சார்?" என்றான் ஸ்டீபன்.

"கயித்த அவன் கையில குடுக்காதீக சார்."

சொன்ன பிறகுதான் இன்பராஜுக்குத் தான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. ஸ்டீபன் தலையைக் குனிந்துகொண்டான். மாஸ்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சித்தப்பா புடிச்சாத்தான் ஏறுவேன்."

ஷெரின்தான். காலையிலிருந்து அவள் சேர்ந்தாற்போல் பேசியது இதுதான்.

மாஸ்டர் கயிற்றின் நுனியைத் தன் கையில் வைத்துக்கொண்டு நடுக்கயிற்றைக் கொடுத்தார். ஸ்டீபன் அதை முதுகைச் சுற்றிக் கொண்டுவந்து, ஒரு காலை முன்னால் கிடந்த கல்லில் ஊன்றி நின்றான். பிள்ளை பல்லி மாதிரி ஏறினாள். பாதிப் பாறையில், கீழே திரும்பிப் பார்க்காமலே குரல் கொடுத்தாள்.

"சித்தப்பா, கொஞ்சம் விடு."

கொஞ்சம் விட்டான்.

"போதும்."

நிறுத்தினான்.

அவள் சிரித்தாள். செத்துப்போன தங்கையின் சிரிப்பு அப்படியே இருந்தது. ஒரு வருஷமாக இன்பராஜ் அதைக் கேட்கவில்லை.

"எங்க சார் பழகுனீங்க?" என்றார் மாஸ்டர்.

"எங்க கிணத்துல சார்." ஸ்டீபன் மேலே பார்த்தபடியே பேசினான். "தாய் தகப்பன் போனதுல இருந்து யார்கிட்டயும் பேச்சில்ல. கிணத்துச் சுவரப் புடிச்சு இறங்கி ஏறுனாத்தான் முகம் தெளியுது. வேண்டாம்னு சொன்னா, நான் இல்லாத நேரம் இறங்குறா. அதான் இடுப்புல கயித்தக் கட்டி மேல நின்னு புடிச்சுக்கிட்டு இருந்தேன்."

இன்பராஜ் போய் மாஸ்டருக்குப் பின்னால் தரையில் கிடந்த கயிற்றைத் தானும் ஒரு பிடி பிடித்துக்கொண்டார்.

"அத என்கிட்டச் சொல்லக் கூடாதா? போற இடமெல்லாம் விழுந்தா என்ன, விழுந்தா என்னன்னே கேட்டா நான் என்னத்த நினைக்கிறது?"

துணி சுற்றிய கையைத் தளர்த்தாமல் ஸ்டீபன் சொன்னான்:

"போன வாரம் கிணத்துல கயித்த என் கை ஒருதரம் விட்டுருச்சு மச்சான். விடாத கை எங்க இருக்குன்னு வேற எப்படிக் கேக்குறது?"