அனுமதி கேட்காத வாத்து

கனடாவில் ஒரு விமான நிலையத்துப் புல்வெளியில் மேய்ந்துகொண்டிருந்த வாத்தக்காவுக்கு, வேலிக்கு அந்தப் பக்கம் சும்மா உட்கார்ந்திருந்த ட்ரோனைப் பார்த்தாலே சிரிப்பு.

“இறக்கை நாலு வச்சிருக்கே, பறக்க மாட்டியா தம்பி?”

“என்னை ஓட்டுற அம்மா பரீட்சை பாஸ் பண்ணிட்டாங்க, அக்கா. என் முதுகுல பதிவு எண்ணும் ஒட்டியாச்சு. விமான நிலையம் பக்கம் பறக்கத் தனி அனுமதி வேணும். அது வரட்டும், வர்றேன்.”

“வானத்துக்குக் கதவு போட்டுப் பூட்டியா வச்சிருக்கு? என் பாட்டன் பூட்டன் யாரைக் கேட்டுப் பறந்தாங்க?”

வாத்தக்கா கழுத்தை நிமிர்த்திக்கொண்டாள். நியாயமான கேள்விதானே! ஓடுபாதை ஓரத்துப் புல் அவளுடைய பரம்பரைச் சொத்தாயிற்றே!

ஒருநாள் அனுமதி வந்தது. ட்ரோன் விர்ரென்று கிளம்பி, நேராக வாத்தக்காவின் தலைக்கு மேலே வந்து நின்றது.

“வந்துட்டியா! என்ன வேலை கிடைச்சுது?”

“ஓடுபாதைப் பக்கம் இறங்குற வாத்துகளை விரட்டுற வேலை, அக்கா.”

வாத்தக்கா விழுந்தடித்துக்கொண்டு வேலியைத் தாண்டினாள். மூச்சு வாங்கியதே தவிர, கழுத்து மட்டும் தணியவில்லை.

“அது சரி தம்பி, அந்தப் பரீட்சையை அடுத்து எப்போ வைக்கிறாங்க?”