விரல் பட்ட நரம்பு

ரத்தப் பையில் வளர்ந்த கிருமியின் பெயர் இன்னும் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும் என்று எங்கள் ரத்த வங்கி டாக்டரம்மா கணினி முன்னால் உட்கார்ந்தார்.

அது எப்படி உள்ளே போயிருக்கும் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

மூன்று நாளைக்கு முன் அந்தப் பைக்குத் தட்டணு எடுத்தது நான். கொடையாளரின் முழங்கை மடிப்பை மருந்து வைத்துத் தேய்த்தேன், காயவிட்டேன். எல்லாம் முறைப்படி. ஊசியைக் கையில் எடுத்த பிறகு, நரம்பு அங்கேதான் இருக்கிறதா என்று ஒரு சந்தேகம். விரலால் ஒருமுறை தொட்டுப் பார்த்தேன்.

தொட்டால் மறுபடி முதலிலிருந்து துடைக்க வேண்டும். புதிதாக வருகிறவர்களிடம் நான் தொண்டை வறளச் சொல்வதே அதைத்தான்.

துடைக்கவில்லை. கொடையாளர் வாய் ஓயாமல் கேலி பேசிக்கொண்டிருந்தார். சிரித்தபடியே குத்திவிட்டேன்.

மற்ற ரத்தம் குளிர்பெட்டியில் கிடக்கும். ரத்தத்தை உறையவைக்கும் இந்தத் தட்டணுவை அப்படி வைக்க முடியாது. அறைச் சூட்டில், ஆடும் தட்டில், அசைந்துகொண்டே இருக்க வேண்டும். தோலிலிருந்து ஒரு கிருமி உள்ளே போனால் போதும், அதற்கு ராஜ உபசாரம்தான். அதனால்தான் ஒவ்வொரு பையிலிருந்தும் கொஞ்சம் எடுத்துக் குப்பியில் வளர்த்துப் பார்க்கிறோம்.

நேற்று காலை அந்தக் குப்பிக்குச் சிவப்பு விளக்கு எரிந்தது. பையை உடனே ஒதுக்கிவிட்டோம். மேல்மாடியில் அதற்காகக் காத்திருந்த குழந்தைக்கு வேறு பை கிடைக்க மாலையாகிவிட்டது. அதுவரை மூக்கிலிருந்து ரத்தம் நிற்கவில்லையாம்.

தோல் கிருமி என்று வந்தால் ஊசி போட்டது யார் என்று கேட்பார்கள். பதினோரு வருடத்துப் பெயர் காற்றில் போகும். அது போனால் போகட்டும். அந்தக் குழந்தையின் அம்மா முகத்தில் எப்படி விழிப்பேன்?

டாக்டரம்மா திரும்பினார்.

“தோல்ல இருக்குற கிருமி இல்லம்மா. இது குடல்ல இருக்குறது. உன் மேல தப்பில்ல, விடு.”

அப்பாடா என்றிருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கணினித் திரையைப் பார்த்து ஒரு கும்பிடே போட்டேன்.

அந்தச் சந்தோஷம் ஒரு மூச்சு விடும் நேரம் இருந்திருக்கும்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. என் விரல் இல்லையென்றால், அந்தக் கிருமி கொடையாளரின் ரத்தத்திலேயே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. இந்த வகைக் கிருமி ரத்தத்துக்குள் நுழைந்தால், குடலில் கட்டி இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்போம். பல சமயம் அது புற்றாக இருக்கும். ஆளைப் பார்த்தால் கல்லுப்பிள்ளையார் மாதிரி இருப்பார். அவருக்கே தெரியாது.

ரத்தம் எடுத்தவர்தான் கொடையாளரை அழைத்துச் சொல்ல வேண்டும் என்பது எங்கள் வழக்கம். பையில் எண் மட்டும்தான் இருக்கும். பெயரும் தொலைபேசியும் இருக்கிற பதிவேட்டை டாக்டரம்மா என் பக்கம் தள்ளினார்.

நான் அதைத் திறக்கவில்லை. அந்தத் தொலைபேசி எண் எனக்கு மனப்பாடம். என் விரலாகவே இருந்து தொலைத்திருக்கக் கூடாதா என்று நினைத்தபடி கைபேசியை எடுத்தேன்.

இரண்டாவது மணியிலேயே குரல் வந்தது.

“என்ன பாப்பா, அண்ணன் ரத்தம் பாஸா?”