தாய்மொழியில் முதல் ஆணை

விடுதலை கிடைத்த சில மாதங்களிலேயே துறைமுகக் கூலிகள் வேலையை நிறுத்திவிட்டார்கள். பேசிப் பார்க்க வந்த உள்துறை மந்திரி செங்கமலத்தின் முன் அவர்களுடைய தலைவர் சந்தியாகு வந்து நின்றார். போராட்ட நாட்களில் மீன்கூடைக்குள் வெடிகுண்டுகளை மறைத்து அவளிடம் சேர்த்தவர் அவர்தான்.

"கப்பல்ல அரிசி நிக்குதுண்ணே. ஊரே பட்டினி. எல்லாரையும் வேலைக்குப் போகச் சொல்லுங்க."

"மூட்டை இறக்குறவன் வீட்டுலயும் அரிசி இல்ல தாயி. வெள்ளைக்காரன் வெட்டுன கூலிய நீங்களும் தரலியே."

அப்போது கூலிகளின் கூட்டத்திலிருந்து பறந்து வந்த கல்லொன்று, அவளுக்குக் காவல் நின்ற ஒரு சிப்பாயின் பற்களை உடைத்தது. படைத்தலைவன் துரைக்கண்ணு மந்திரியிடம் ஓடிவந்தான். படையின் ஆணைகள் இனி நம் மொழியில்தான் என்று சட்டம் கொண்டுவந்தவள் அவள்.

"சுடச் சொல்லட்டுமாம்மா? நம்ம பாஷையில சொன்னா அவங்களுக்கும் புரிஞ்சிடுமே."

"புரியட்டும். பயந்து கலைஞ்சிடுவாங்க."

"சுடு!" என்று துரைக்கண்ணு கத்தினான்.

சிப்பாய்கள் திகைத்தார்கள். வெள்ளைக்காரன் குரலுக்குச் சிதறி ஓடிய கூட்டம் இப்போது சிரித்தது. "நம்ம புள்ளைங்கடா, சும்மா மிரட்டுறானுங்க" என்று சந்தியாகு கைகளை விரித்தபடி முன்னால் நடந்தார். துரைக்கண்ணு மறுபடியும் கத்தினான்.

துப்பாக்கிகள் வெடித்தன. கூட்டத்தின் முன்வரிசை அப்படியே சரிந்தது. செங்கமலம் ஓடிப்போய்ச் சந்தியாகுவின் தலையை மடியில் எடுத்தாள். தொண்டையிலிருந்து இரத்தம் கொப்பளிக்க, அவர் அவளுடைய மணிக்கட்டை இறுகப் பற்றிக்கொண்டார்.

"நீயா தாயி சொன்ன?"

மிச்சக் கூட்டம் சிரிப்பை நிறுத்திவிட்டு மெல்ல நெருங்கிவந்தது. அவள் முதுகுக்குப் பின்னால் துப்பாக்கிகளில் தோட்டா ஏற்றும் சத்தம் கேட்டது.

"அம்மா, அடுத்து?" என்றான் துரைக்கண்ணு.