சாமிக்கு ஒரு முகவரி

காமகுரா ரயில் நிலைய வாசலில், காலை ஒன்பது மணிக்கு, வெள்ளைக் கையுறை மாட்டிய கைகளைத் தொடையில் ஒட்டிவைத்துக்கொண்டு இடுப்பு வரை குனிந்தான் மகாபே.

"வாங்கம்மா. இன்னிக்குப் பூரா இந்த வண்டியும் நானும் உங்களுக்குத்தான். புத்தர், கடல், கோயில், மீன் சோறு எல்லாம் முடிச்சுட்டு ஆறு மணிக்கு இதே இடத்துல இறக்கி விட்டுடுவேன்."

பின் இருக்கையில் ஏறிய இகராஷி அம்மாளுக்கு அறுபது வயது இருக்கும். கழுத்தில் முத்துமாலை, முகத்தில் யாரையும் நம்பிவிடும் சிரிப்பு. மகாபேக்குப் பார்த்ததும் பிடித்துப்போனது.

அவன் தொழிலில் ஒழுங்கானவன். சுற்றிப் பார்க்க வருபவர்களை வீட்டு வாசலில் ஏற்ற மாட்டான். முகவரி கேட்கவும் மாட்டான். பின்னால் அந்த வீட்டில் களவு போனால், போலீஸ் முதலில் தேடுவது வீடு தெரிந்த டிரைவரைத்தானே?

முகவரியை அவர்களே எழுதிக் காட்டுவதற்கென்று ஒரு சின்னக் கடலோரக் கோயிலைப் பிடித்து வைத்திருந்தான். அங்கே மரப்பலகையில் வேண்டுதலை எழுதித் தொங்கவிடுவார்கள். கூடவே பெயரும் முகவரியும். இல்லாவிட்டால் வேண்டிக்கொண்டது யார் என்று சாமி எப்படிக் கண்டுபிடிக்கும்? மகாபே அதை எட்டிப் பார்த்துக் கூட்டாளி ஷோஜிக்கு அனுப்பிவிடுவான். பலகைகளைக் கோயில்காரர்களே பிற்பாடு தீயில் போட்டுவிடுவதால், தடயத்தை அழிக்கிற வேலையும் இல்லை.

ஒரே ஒரு பயம்தான். பழைய வழக்கு ஒன்றில் தண்டனையை நிறுத்திவைத்து அவனை வெளியே விட்டிருந்தார்கள். இன்னொரு முறை மாட்டினால் பழையதும் புதியதும் சேர்ந்து ஐந்து வருஷம் கம்பி எண்ண வேண்டும்.

பெரிய புத்தர் சிலை முன்னால் இகராஷி அம்மாள் கழுத்தைத் தூக்கிப் பார்த்தாள்.

"என்ன நிம்மதியா உக்காந்திருக்கார்!"

"அவருக்கென்னம்மா! சுத்தியிருந்த கட்டடத்த என்னிக்கோ கடல் அடிச்சுக்கிட்டுப் போயிடுச்சு. பூட்டறதுக்குக் கதவே கிடையாது. அதான் நிம்மதி."

"நெசந்தான். வீட்டுல கூடப் பின்வாசல் சாவிய கள்ளிச்செடித் தொட்டிக்கு அடியிலதான் வெக்கிற வழக்கம்."

மகாபே ஒரு நிமிஷம் புத்தரையே மறந்துவிட்டான்.

கோயிலில் அவள் பலகை வாங்கினாள். எழுதியதை மறைக்க ஒட்டுத்தாளும் பக்கத்தில் இருந்தது. அவள் கை அதை நோக்கிப் போனதும் மகாபே குறுக்கே விழுந்தான்.

"அதெல்லாம் எதுக்கும்மா? சாமிக்கு ஆயிரம் வயசாகுது. ஒட்டினதப் பிரிச்சா படிக்கப் போகுது?"

"அதுவும் சரிதான்" என்று அவள் முத்து முத்தாக எழுதினாள், அஞ்சல் குறியீடு உட்பட.

"நேரமானா வீட்டுல தேட மாட்டாங்களே?"

"ஏழு மணி வரைக்கும் அங்க ஈ காக்கா இருக்காது. அலமாரியில முப்பது கைக்கடிகாரம் மட்டும் டிக் டிக்னு தனியா அடிச்சுக்கிட்டுக் கிடக்கும், பாவம்."

மகாபே அன்றைக்கு உண்மையான பக்தியோடு, அந்தக் கோயில் வழக்கப்படி இரண்டு முறை கைதட்டிக் கும்பிட்டான்.

மத்தியானம் கடற்கரையில் ஒரு பருந்து பாய்ந்து, அவள் கையிலிருந்த சோற்று உருண்டையைப் பறித்துக்கொண்டு போனது.

"திருட்டுப் பய!" என்று கத்தினான் மகாபே.

"விடுங்க. அதுவும் பொழைக்கணுமில்ல?" என்றாள் அவள்.

மூன்று மணிக்கு, எனோஷிமா தீவின் படிக்கட்டில் நின்றபோது ஷோஜி போனில் கூப்பிட்டான்.

"அண்ணே, முப்பதும் பைக்குள்ள வந்துடுச்சு. ஆனா..."

"என்னடா ஆனா?"

"சுவத்துல ஒரு போட்டோ. வீட்டுக்காரன் போலீஸ் உடுப்புல வெறப்பா நிக்கிறான். கீழ 'திருட்டுத் தடுப்புப் பிரிவுத் தலைவர்'னு போட்டிருக்குண்ணே!"

மகாபே அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான். ஐந்து வருஷமும் வரிசையாகக் கண் முன்னால் வந்து நின்றன.

இகராஷி அம்மாள் பச்சைத் தேநீர் ஐஸ்கிரீமை நக்கியபடி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"முடிஞ்சுதா?"

"எ... எதும்மா?"

"நடிக்காதீங்க, மகாபே-சான். போன மாசம் என் சிநேகிதி உங்க வண்டியில வந்தா. பலகை எழுதிட்டுத் திரும்பிப் போனா, வீடு துடைச்சு வெச்ச மாதிரி கிடந்துது. பரம்பரைத் தேநீர்க் கிண்ணம் கூடப் போச்சு. பலகையப் பாத்துதான் ஆள் வந்திருக்கணும்னு போலீஸ்ல சொன்னா. 'அப்ப சாமிதான் திருடிச்சா?'ன்னு கேட்டு, சிரிச்சே அனுப்பிட்டார் பிரிவுத் தலைவர். அவர்தான் என் மாஜி வீட்டுக்காரர். நான் எழுதினது அவரோட முகவரி."

"ஐயோ, அவர் சும்மா விட மாட்டாரேம்மா! நான் உள்ள போயிடுவேன்!"

"பயப்படாதீங்க. தொட்டிக்கு அடியில சாவி வெக்காதீங்கன்னு ஊர் ஊராப் போய்ப் பாடம் எடுக்கிற மனுஷன். தன் வீட்டுலயே திருட்டுன்னு எந்த வாயால சொல்லுவார்? அடுத்த மாசம் பதவி உயர்வு வேற. என் சிநேகிதியோட தேநீர்க் கிண்ணத்த மட்டும் மரியாதையாத் திருப்பிக் கொடுத்துடுங்க."

மகாபேக்குப் போன உயிர் திரும்பியது. நெற்றி படியில் இடிக்கும் அளவுக்குக் குனிந்தான்.

"கொடுத்துடறேம்மா. இந்தத் தொழிலையே இன்னியோட தலை முழுகிடறேன்!"

"அப்படியெல்லாம் சொல்லப்படாது. வர்ற செவ்வாய்க்கிழமை எங்க தையல் வகுப்புல இருந்து நாலு பேரக் கூட்டிக்கிட்டு வர்றேன். உங்கள நம்பி வாக்கு கொடுத்துட்டேன்" என்று கைப்பையைத் திறந்தாள் இகராஷி அம்மாள்.

அவள் நீட்டிய காகிதத்தில் அந்த நான்கு பேருடைய முன்னாள் கணவர்களின் முகவரிகள், அவர்கள் வீட்டில் இல்லாத நேரங்களோடு, வரிசையாக எழுதப்பட்டிருந்தன.