வலஞ்சுழி

"முன்னாடி ஒரு முடிகூட வேண்டாம் டாக்டர். உச்சந்தலையில மட்டும் நட்டுக் கொடுங்க, போதும்."

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முடி நட வருகிற அத்தனை பேரும் நெற்றியைத்தான் காட்டுவார்கள். இப்படி ஒரு ஆளை அவர் இப்போதுதான் பார்க்கிறார்.

"கண்ணாடியில தெரியறது நெத்திதான் தம்பி. அதை வழுக்கையா விட்டுட்டு, உச்சியை யாருக்குக் காட்டப் போறீங்க?"

"காட்டறதுக்கு இல்ல சார், தடவறதுக்கு. அங்க எனக்கு ரெட்டைச் சுழி வேணும்."

ஊசிகளை அடுக்கிக்கொண்டிருந்த நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். "ரெட்டைச் சுழின்னா ரெண்டு கல்யாணம்னு சொல்லுவாங்களே! வீட்டுல சம்மதமா?"

"முதல் கல்யாணத்துக்கே வழியைக் காணோம். நீங்க வேற, சிஸ்டர்!"

அவனும் சேர்ந்து சிரித்தான். சிரித்து முடிப்பதற்குள் கண் கலங்கிவிட்டது.

"அம்மாவுக்குக் கண்ணு தெரியாது சார். வெளியூர்ல இருந்து லீவுல வந்தா, முதல்ல தலையைத்தான் தடவுவாங்க. ரெட்டைச் சுழியில விரல் பட்டாத்தான் 'என் பெரியவன் வந்துட்டான்'னு ஒரு சிரிப்பு சிரிப்பாங்க. இப்போ அது நடந்து ரொம்ப நாளாச்சு. எப்ப வருவான், எப்ப வருவான்னு தினம் ஒரே கேள்வி. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அந்தச் சிரிப்பைப் பார்த்துட்டாப் போதும் எனக்கு."

"குரலைக் கேட்டாத் தெரியாதா?"

"எங்க வீட்டு ஆம்பிளைங்களுக்கு நெத்தியும் ஒண்ணு, குரலும் ஒண்ணு சார். அம்மா விரலைத்தான் நம்புவாங்க."

டாக்டர் கேலியை விட்டுவிட்டார். அவன் பின்னந்தலையில் மிச்சமிருந்த முடியை நீவிப் பார்த்தார்.

"இங்க இருந்து வேரோட ஒண்ணொண்ணா எடுத்து உச்சியில நடலாம். ஆனா சுழின்னா, ஒவ்வொரு முடியையும் வட்டமாச் சாய்ச்சு நடணும். கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டு செய்யற வேலை. சரி, ரெண்டு சுழியும் எந்தப் பக்கம் சுத்தணும்? வலஞ்சுழியா, இடஞ்சுழியா?"

அவன் திருதிருவென்று விழித்தான். கண்ணை மூடி, அம்மாவின் விரல் சுற்றுவதை நினைத்துப் பார்த்தான். விரல் தெரிந்தது. போன திசைதான் பிடிபடவில்லை.

"போட்டோ ஏதாவது இருக்கா?"

"உச்சந்தலையை யார் சார் போட்டோ எடுத்து வெச்சிருக்காங்க?"

"அதுவும் சரிதான். அவங்கவங்க சுழி அவங்கவங்களுக்கு எங்கே தெரியும்!"

"வலஞ்சுழியாவே வெச்சிடுங்க சார். பெரும்பாலும் அதுதானே?"

"பெரும்பாலும் அதுதான்."

மரத்துப்போக ஊசி போட்டபோது உயிர் போய் உயிர் வந்தது. நட்ட முடியெல்லாம் சில வாரத்திலேயே கொட்டிப்போக, பதறியடித்துக்கொண்டு ஓடினான். "கொட்டினாத்தான் முளைக்கும். போய் வேலையைப் பாருங்க" என்று நர்ஸ் விரட்டினாள். சொன்னபடியே முளைத்தது. வருஷம் திரும்புவதற்குள் விரலால் கோதும் அளவுக்கு வளர்ந்தும் விட்டது.

ஒரு சாயங்காலம், வாசலில் பெட்டியைச் சத்தம் கேட்கும்படி வைத்தான்.

"அம்மா, பெரியவன் வந்திருக்கேன்."

கட்டிலில் உட்கார்ந்திருந்தவள் இரண்டு கையையும் நீட்டினாள். "வந்துட்டியாடா, ராசா? கிட்ட வா."

மண்டியிட்டுத் தலையைக் குனிந்தான். விரல் நெற்றியைத் தாண்டி உச்சிக்கு ஏறியது. சுழியைத் தொட்டது. அந்தச் சிரிப்பு வந்தேவிட்டது! இதற்குத்தானே இத்தனை பாடு!

விரல் ஒரு சுற்று சுற்றியது. நின்றது. எதிர்ப்பக்கமாக இன்னொரு சுற்று சுற்றிப் பார்த்தது.

"உங்க அண்ணனுக்கு இடஞ்சுழிடா, சின்னவனே."

அவன் தலையை நிமிர்த்தப் பார்த்தான்; விரல் விடவில்லை.

"எனக்குக் கண்ணுதானே போச்சு? அவன் செத்துப்போன சேதி வந்த அன்னிக்கு, நீ குழாயைத் திறந்துவிட்டுட்டு அழுதது கேக்காமலா இருக்கும்? நான் கேக்கறதை நிறுத்திட்டா, அம்மாவுக்குத் தெரிஞ்சுபோச்சேன்னு நீ இடிஞ்சுபோயிடுவே. அதனாலதான் எப்ப வருவான், எப்ப வருவான்னு தினம் கேட்டேன். முடி நட்டுக்கிட்டு வந்து, தலை வெச்சுப் படுக்க முடியாம ராத்திரியெல்லாம் முனகினியே, ஊசி ரொம்ப வலிச்சுதாடா?" என்றாள் அம்மா, அந்தச் சுழியிலிருந்து விரலை எடுக்க மனசில்லாமல்.